ஒரு பவுன் வாங்க ஒன்றரைப் பவுன் அடகு

கேள்வி: எனக்கு 34 வயது. சேலம் பக்கம் இருக்கிறோம். கணவர் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார், நான் வீட்டிலிருந்தே தையல் எடுத்துச் செய்கிறேன். இரண்டும் சேர்த்து மாதம் 40,000 வந்தால் பெரிது. ஆறேழு வருடமாக அட்சய திருதியைக்கு அரைப் பவுனோ ஒரு பவுனோ வாங்கியே ஆக வேண்டும் என்று மாமியார் ஒற்றைக்காலில் நிற்கிறார். 2025-ல் கையில் பணம் இல்லாமல், என் அம்மா வீட்டில் போட்ட ஆரத்தை அடகு வைத்து ஒரு பவுனில் செயின் வாங்கினோம். ஆரத்தை இன்னும் மீட்கவில்லை. அடுத்ததற்கு வளையலை வைக்கலாம் என்கிறார் கணவர். 'இதெல்லாம் நகைக்கடை விளம்பரம்' என்று நான் சொல்லப்போக, சாமியைக் கிண்டல் செய்கிறேன் என்று மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. கணவரைக் கேட்டால் அம்மா மனசு கஷ்டப்படும் என்கிறார். மாமியார் கெட்டவர் இல்லை. அவருடைய நகையெல்லாம் மாமா தறி போட்டு நொடித்தபோது போய்விட்டது. இது உண்மையில் சாஸ்திரமா, விளம்பரமா? அவரிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்வி கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. ஆனால் என் கண் போய் நின்றது நடுவில், ஆரத்தை அடகு வைத்துச் செயின் வாங்கிய இடத்தில். அதனால் சாஸ்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தொழில் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025-ல் அட்சய திருதியை ஏப்ரல் 30. அன்று பவுன் 71,000-ஐத் தாண்டியிருந்தது. கணக்குக்கு எளிதாக 70,000 என்றே வைத்துக்கொள்வோம். செயினுக்குச் செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து 12 சதவீதம் போட்டால் 8,400. மொத்தத்துக்கும் 3 சதவீதம் ஜிஎஸ்டி, அது 2,352. ஆக நீங்கள் எண்ணி வைத்தது 80,752 ரூபாய். அதே செயினை மறுநாள் கடையில் கொண்டுபோய் நீட்டினால் தங்கத்துக்கு மட்டும்தான் விலை போடுவார்கள், அதாவது 70,000, அதிலும் கழிவு என்று கொஞ்சம் பிடிக்கலாம். கடைப் படியிறங்கும்போதே 10,000 ரூபாய்க்கு மேல் போயாயிற்று. இது ரொக்கம் கொடுத்து வாங்கியவர்களுக்கும் உள்ளதுதான். உங்களுக்கு அதற்கு மேல் அடகு இருக்கிறது. நகையின் தங்க மதிப்பில் முக்கால் பங்கு என்ற அளவில்தான் அப்போது பொதுவாகக் கடன் தந்தார்கள். 80,752 ரூபாய் கைக்கு வர வேண்டுமென்றால் ஒரு லட்சத்து ஏழாயிரத்துச் சொச்சம் பெறுமானமுள்ள தங்கத்தை உள்ளே வைத்தாக வேண்டும், ஏறக்குறைய ஒன்றரைப் பவுன். ஒரு பவுன் வீட்டுக்கு வர ஒன்றரைப் பவுன் வீட்டை விட்டுப் போயிருக்கிறது. வட்டி வருடத்துக்கு 12 சதவீதம் என்று குறைத்தே போட்டாலும் 9,690. தெருமுனை அடகுக்கடை என்றால் இன்னும் கூடும்.

இதையெல்லாம் எழுதிக் காட்டினால் உங்கள் மாமியார் ஒரே வரியில் அடிப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2024 அட்சய திருதியைக்கு பவுன் 54,000-ஐ ஒட்டி இருந்தது, அடுத்த வருடம் 71,000-க்கு மேல். "நான் சொல்லாவிட்டால் இதை வாங்கியிருப்பீர்களா?" என்பார். ஏறியது உண்மைதான். ஆனால் ஏறியதற்கும் திதிக்கும் சம்பந்தமில்லை. அதற்கு முந்தின வாரம் வாங்கியவருக்கும் ஏறியது, அடகுக்கடையில் கிடக்கும் உங்கள் ஆரத்துக்கும் ஏறியது. இறங்கிய காலமும் உண்டு. 2012 கடைசியில் வாங்கியவர்கள் மூன்று வருடம் கழித்து அதைவிடக் குறைந்த விலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அதில் கடன் வாங்கி வாங்கியவர்கள் வட்டியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம், உங்கள் வீட்டில் யாரும் அந்தச் செயினை விற்கப்போவதில்லை. விற்காத நகையின் லாபம் வாட்ஸ்அப்பில் பேசத்தான் உதவும்.

சரி, சாஸ்திரத்துக்கு வருவோம்.

வளர்பிறையில் வரும் மூன்றாவது திதி, வடக்கே வைசாக மாதம், நமக்குப் பெரும்பாலும் சித்திரையில் வரும். அட்சய என்றால் தேயாதது, குறையாதது. குசேலர் அவல் முடிச்சோடு கண்ணனைப் பார்க்கப் போனது, வனவாசத்தில் பாண்டவர்களுக்கு அட்சய பாத்திரம் கிடைத்தது என்று பல கதைகளை இந்த நாளோடு சேர்த்துச் சொல்வார்கள். நாட்டில் அன்று நடப்பதைப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். பூரியில் ஜெகந்நாதர் தேருக்கான மரவேலையைத் தொடங்குகிறார்கள். இமயமலையில் கங்கோத்ரி, யமுனோத்ரி கோயில்கள் குளிர்கால அடைப்பு முடிந்து திறக்கின்றன. ஒடிசா விவசாயி வயலில் முதல் விதை போடுகிறார். சமணர்களுக்கு ரிஷபதேவர் நெடிய நோன்பைக் கரும்புச்சாறு குடித்து முடித்த நாள், இன்றும் ஒரு வருட நோன்பு இருந்தவர்கள் அன்று கரும்புச்சாற்றோடுதான் முடிக்கிறார்கள். நம் கும்பகோணத்தில் ஊரிலுள்ள பெருமாள்கள் எல்லாம் கருட வாகனத்தில் ஒரே தெருவில் வரிசையாக நிற்பார்கள், 12 கருட சேவை என்று பெயர். கூட்டத்தில் சிக்கி நின்று பார்த்திருக்கிறேன், வெயில் மண்டையைப் பிளந்தது, ஆனால் அப்படி ஒரு காட்சி! இதில் எதிலும் நகைக்கடை கிடையாது.

என் பாட்டிக்கு அட்சய திருதியை தெரியும். அன்று பனையோலை விசிறி, பானகம், தயிர்சாதம் என்று யாருக்காவது கொடுப்பாள், வெயில் காலத்துக்கு ஏற்ற தானம். அன்று தங்கம் வாங்க வேண்டும் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. நகை என்றால் கல்யாணம், சீமந்தம், அறுப்பு முடிந்து கையில் காசு நின்ற நேரம். பத்தரைக் கூப்பிட்டு அளவு கொடுத்து, அவர் சொன்ன தேதிக்குத் தராமல் இழுத்தடிப்பது தனிக்கதை.

அதற்காகப் பொன்னுக்கும் இந்த நாளுக்கும் ஒட்டே இல்லை என்றும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மகாராஷ்டிரத்தில் வருடத்துக்கு மூன்றரை நாள் முழுக்க நல்ல நாள், முகூர்த்தமே பார்க்க வேண்டாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அதில் இதுவும் ஒன்று. புது வேலை, வீடு, பொன் எல்லாம் அங்கே அன்று ஆரம்பிப்பார்கள். ஆதிசங்கரர் கனகதாரா பாடிப் பொன் நெல்லிக்கனி கொட்டிய கதையையும் இந்த நாளோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் வாங்கியே தீர வேண்டும், வாங்காவிட்டால் குறை என்று ஆனது எங்கள் தலைமுறை கண்முன்னால்தான்.

கண்முன்னால் என்று சும்மா சொல்லவில்லை. நிதி ஆலோசனைக்கு வருவதற்கு முன் 2000-களின் தொடக்கத்தில் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தேன். அட்சய திருதியை சிறப்பிதழ் என்று பளபளக்கும் தாளில் தனி இணைப்பு போடுவோம். இடது பக்கம் ஆன்மிகக் கட்டுரை, வலது பக்கம் நகைக்கடை விளம்பரம், சில நேரம் எது கட்டுரை எது விளம்பரம் என்று போட்ட எங்களுக்கே தெரியாது. ஒரு வருடம் திதி ஒரு நாள் பாதியில் தொடங்கி மறுநாள் பாதியில் முடிந்தது. எது சரியான நாள் என்று ஜோதிடரைக் கேட்பதற்கு முன்னால் கடைக்காரரைக் கேட்டோம். அவர் "ரெண்டு நாளும் போட்டுடுங்க சார்" என்றார். போட்டோம். 'இன்று ஒரு குன்றிமணி வாங்கினாலும் ஆண்டு முழுதும் பொன் சேரும்' என்ற மாதிரி வாசகங்களை எழுதிய கைகளில் என்னுடையதும் ஒன்று. அந்த மாதச் சம்பளத்தில் நானும் என் பங்குக்குக் கால் பவுன் மோதிரம் வாங்கினேன் என்பதுதான் வேடிக்கை. நான் எழுதியதை நானே நம்பிவிட்டேன் என்று இல்லை, எல்லாரும் வாங்கும்போது நாம் மட்டும் வாங்காமல் இருந்தால் என்னவோ போல் இருந்தது. உங்கள் வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். அன்றைக்கு எங்கள் இணைப்பு செய்த வேலையை இன்றைக்குச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் காசு வாங்காமல் செய்கிறது. நாத்தனார் புது நெக்லஸைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் போட்டோ போட்டால், அதைப் பார்க்கும் உங்கள் மாமியாருக்குத் தோன்றுவது ஆசை மட்டும் இல்லை, நம் வீட்டுக்கு மட்டும் ஏதோ குறைந்துவிடுமோ என்ற பயமும் கலந்திருக்கும். இப்போது தன்தேரஸ் என்று வடக்கத்திப் பண்டிகை ஒன்றும் நம் ஊர் நகைக்கடை வாசலுக்கு வந்துவிட்டது, பார்த்திருப்பீர்கள். அடுத்த ஆறேழு வருடத்தில் அதுவும் பரம்பரைப் பழக்கம் ஆகிவிடும்.

அப்போது நீங்கள் சொன்னது சரிதானே, விளம்பரம்தானே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அதை வைத்து மாமியாரிடம் வாதம் பண்ணாதீர்கள், ஜெயிக்க முடியாது, ஜெயித்தாலும் பிரயோஜனம் இல்லை. உங்கள் பூஜை அறையைப் போய்ப் பாருங்கள். தாமரை மேல் நிற்கும் லட்சுமி படம் இருக்கும். அந்த முகம், அந்தப் பட்டுப்புடவை கட்டு எல்லாம் ரவிவர்மா 1890-களில் வரைந்து, 1894-ல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வீடு வீடாகப் போன படங்களின் வழி வந்தது. அவருடைய பேர்போன லட்சுமி படத்தில் கையிலிருந்து காசு கொட்டாது. காசு கொட்டும் லட்சுமியை நம் வீடுகளில் கொண்டுவந்து மாட்டியது காலண்டர்கள். அதுவும் ஊடகம்தான், வியாபாரம்தான். 1975-ல் 'ஜெய் சந்தோஷி மா' என்ற இந்திப் படம் வந்தது, அதற்குப் பிறகு நாடு முழுக்க எத்தனையோ பெண்கள் வெள்ளிக்கிழமை புளிப்பு சேர்க்காமல் விரதம் இருக்க ஆரம்பித்தார்கள். அந்த விரதம் இருந்த பெண்ணின் மனசில் இருந்த பக்தி பொய் என்று யார் சொல்ல முடியும்? ஒரு வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று, அது ஒருவர் மனசுக்குள் என்னவாக ஆகியிருக்கிறது என்பது வேறு. நீங்கள் முதலாவதைப் பேசினீர்கள், அவர் காதில் இரண்டாவது விழுந்தது. "உங்கள் பக்தி நகைக்கடைக்காரன் கொடுத்தது" என்று கேட்டிருக்கும். ஒரு வாரம்தானே பேசவில்லை, குறைவுதான்.

அதனால் உங்கள் கேள்வியை நான் மாற்றிக்கொள்கிறேன். இந்த வழக்கத்தின் செலவை யார் தலையில் போடுகிறோம்? அதைக் கேட்டால் பதில் வேறு இடத்தில் கிடைக்கிறது, அதை நீங்களே கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய நகையெல்லாம் மாமா தறி போட்டு நொடித்தபோது போய்விட்டது. சேலம், ஈரோடு பக்கத்துக் குடும்பங்களோடு பேசியிருப்பதால் இந்த ஒரு வரியின் கனம் எனக்குக் கொஞ்சம் தெரியும். தறிக்கு முதல் என்று முதலில் வளையல் போகும், நூல் விலை ஏறியதென்று அடுத்து சங்கிலி, மீட்டுவிடலாம் மீட்டுவிடலாம் என்று இருக்கும்போதே ஒரு நாள் ஏல நோட்டீஸ் வரும். நிலம் அவர் பெயரில் இருந்திருக்காது, பேங்க் கணக்கு இருந்திருக்காது, அவருடையது என்று இருந்தது அந்த நகைதான். அது போன பிறகு வருடத்துக்கு ஒரு நாள் கடைக்குப் போய் ஒரு பவுன் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது அவருக்கு என்ன கொடுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நல்ல நாள் என்று ஒரு காரணம் இருந்தால் யாரும் மறுக்க முடியாது, மகனும் மறுக்க மாட்டான். எனக்கு நகை வேண்டும் என்று நேரடியாகக் கேட்க ஒரு மாமியாருக்கு நம் வீடுகளில் வேறு என்ன வழி இருக்கிறது?

கொடுமை என்னவென்றால், அதற்காக இப்போது உங்கள் நகை அதே அடகுக்கடைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அவருக்கு அன்றைக்கு நடந்தது உங்களுக்கு இன்றைக்கு நடக்கிறது, அதை அவர் பார்க்கவில்லை, ஏனென்றால் யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. விளம்பரம், மூடநம்பிக்கை என்ற பேச்சையெல்லாம் விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள். தனியாக இருக்கும்போது, கணவர் இல்லாத நேரத்தில், "அத்தை, உங்க நகை போன மாதிரி என் ஆரமும் போயிடுமோன்னு பயமா இருக்கு" என்று. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் விளக்க வேண்டாம். ஏலத்தில் நகையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கு இந்த வாக்கியம் புரியாமல் போகாது. எதுவும் பேசாமல் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாலும் கவலைப்படாதீர்கள், விட்டுவிடுங்கள்.

கணவரைப் பற்றி. அம்மா மனசு கஷ்டப்படக்கூடாது என்று நினைக்கிற மகன் நல்ல மகன்தான், ஆனால் அந்தக் கஷ்டத்தைத் தீர்க்கும் செலவு உங்கள் ஆரத்திலிருந்தும் உங்கள் வளையலிலிருந்தும் வருகிறது என்பதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும். அம்மா வீட்டில் உங்களுக்குப் போட்ட நகை சீதனம். அது முழுக்க மனைவியின் சொத்து, கல்யாணமாகிக் கணவன் வீட்டுக்கு வந்துவிட்டதால் அது கூட்டுச் சொத்தாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. கோர்ட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை, போக வேண்டிய விஷயமும் இல்லை. ஆனால் வளையலை வைக்கலாமா என்று அவர் கேட்கும்போது, அது அவர் எடுக்கிற முடிவு இல்லை, உங்களிடம் கேட்கிற கேள்வி என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தால் போதும். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். காரணம் அடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர் ஒரு பதில் வைத்திருப்பார்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்டால், முதல் வேலை ஆரத்தை மீட்பது. அது வீட்டுக்கு வரும்வரை புதிதாக ஒரு நகையும் இல்லை. கட்டுகிற பணம் வட்டிக்கு மட்டும் போகிறதா, அசலிலும் குறைகிறதா என்று பாருங்கள், பல பேர் வருடக்கணக்காக வட்டியை மட்டும் கட்டிவிட்டு நகை பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். தையலில் ஒரு மாதம் கொஞ்சம் கூட வந்தால் அதை நேரே அசலில் போடுங்கள்.

அட்சய திருதியை வந்தால் மாமியாரைக் கடைக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள், இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்புவது, கூட்டத்தில் நிற்பது, கடைக்காரர் நீட்டும் கூல்டிரிங்க்ஸ், டப்பாவைச் சாமி முன்னால் வைத்துக் குங்குமம் இடுவது, அந்த நாளின் பாதி சந்தோஷம் அதில்தான் இருக்கிறது, அதற்கு ஒரு பவுன் தேவையில்லை. அரை கிராம், ஒரு கிராம் தங்கக் காசு வாங்குங்கள், கையில் இருக்கிற பணத்துக்கு மட்டும். காசில் சேதாரம் நகையைவிட மிகக் குறைவு. நகைக்கடையில் வாங்குங்கள், பேங்கில் விற்கும் தங்கக் காசைப் பேங்க் திரும்ப எடுத்துக்கொள்ளாது. என்றைக்காவது நகையே வாங்கினால் ஹால்மார்க்கோடு ஆறு எழுத்து-எண் அடையாளம் ஒன்று பொறித்திருக்கும், 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காசை மாமியார் பெயரில் பில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டுப் பொது நகையாக வேண்டாம், அவருடையதாக இருக்கட்டும், அவர் பீரோவில், அவர் சாவியில்.

நகைச் சீட்டு கட்டலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது 11 மாதமாக இருப்பதற்குக் காரணம் ராசியும் இல்லை, லாப எண்ணும் இல்லை. ஒரு கம்பெனி பொருளுக்கு முன்பணம் வாங்கி 365 நாளுக்குள் பொருளைக் கொடுக்காவிட்டால் அது டெபாசிட் என்ற கணக்கில் வந்து வேறு சட்டங்கள் பாயும், அதைத் தவிர்க்கத்தான். முடிவில் ரொக்கம் கிடைக்காது, நகையாகத்தான் எடுக்க வேண்டும், கடை மூடிவிட்டால் பணத்துக்குக் காப்பீடும் இல்லை. ஒழுங்காகச் சேர்க்க வேண்டும் என்றால் பேங்கிலோ தபால் ஆபீஸிலோ ஆர்.டி. போடுங்கள், மாதம் 1,000 என்றாலும் சரி. மாமியார் பெயரிலேயே போட்டால் இன்னும் நல்லது. பாஸ்புக்கை அவரிடம் கொடுங்கள், படிக்கத் தெரியாவிட்டாலும் கையில் வைத்துப் பார்ப்பார்.

ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவே இல்லை. அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது? கணவர் பெயரில் இருந்தால் மீட்பதற்கும் அவர்தான் போக வேண்டும், ஏல நோட்டீஸ் வந்தாலும் அவர் பெயருக்குத்தான் வரும், சில வீடுகளில் அது மேஜை டிராயருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இன்றைக்கே சீட்டைத் தேடி எடுத்து எடை எவ்வளவு எழுதியிருக்கிறது, கடைசித் தேதி என்ன என்று பாருங்கள், போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி நெருங்கிவிட்டது என்றால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.